மூன்றடி தள்ளி நின்றவர்

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. மாதத்தில் ஒருநாள் அப்படி நிறுத்துவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும். அது தெரியாமல் குணசீலன் தென்காசியிலிருந்து ஒரு கிடாரையும், கரண்டில் ஓடும் சத்தப்பெட்டி ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்துவிட்டார்.

குருவம்மா மாட்டுக்கொட்டகை நிழலில் சாக்கு விரித்து, புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

குருவம்மா என்பது பட்டம் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரே அதுதான். வயது நாற்பத்தொன்று. குணசீலனுக்கு அறுபத்து நாலு. ஆனாலும் ஆறு வருஷமாக அந்த அம்மாள்தான் குணசீலனுக்கு குரு. அவர் எங்கே படித்தார், யாரிடம் உபதேசம் வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "புளி காயுது, கொஞ்சம் புரட்டிப் போடுங்க" என்பார்.

"என்னய்யா, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி வந்திருக்கீங்க."

"ஒண்ணு கேக்கணும்மா."

"கேக்கதுக்கு இவ்வளவு சாமானா?"

குணசீலன் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒருத்தரைச் சந்தோஷப்படுத்துறதுக்குச் சொல்லுத பொய் பாவமாம்மா?"

"யாரைச் சந்தோஷப்படுத்த?"

"ஒரு பொண்ணை."

குருவம்மா ஒரு கை புளியை அள்ளி அவர் முன்னால் போட்டார். "கொட்டை எடுத்துக்கிட்டே சொல்லுங்க."

குணசீலன் சொல்வதற்கு முன்னால் ஃபோனை எடுத்து அமுக்கினார். ஒரு பெண்ணின் குரல் வந்தது. அவசரமாகப் பேசுகிற குரல். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அங்கிள், நான் பெர்க்மான்ஸ் மக ஜெசிந்தா. வர்ற சனிக்கிழமை அப்பா இறந்த வருஷப் பூசை. பூசை முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாரும் வீட்டுக்கு வருவாங்க. கடற்கரை மைதானத்துக் கச்சேரிய டேப்புல பிடிச்சது உங்ககிட்ட இருக்குன்னு அப்பா சொல்லியிருக்காங்க. அப்பா வாசிச்சு நாங்க கேட்டதே இல்ல அங்கிள். நான் பிறக்குறதுக்கு முன்னாலயே கிடார வித்துட்டாங்க. சாப்பிடும்போது சோத்துத் தட்டு விளிம்புல விரலால தட்டிக் காட்டுவாங்க. கப்பல் லாசர் முன்னால வாசிச்ச வாசிப்பு இதுதாம்பாங்க. என் வாழ்க்கையில நல்ல நாளு அந்த ஒரு நாளுதாம்பாங்க. ஒரே ஒரு தடவை கேக்கணும் அங்கிள். எல்லாரையும் கேக்க வைக்கணும்."

ஃபோன் நின்றது. குருவம்மா கொட்டையைத் தகர டப்பாவில் போட்டார்.

"அனுப்ப வேண்டியதுதானே?"

"அந்த டேப்புல அவன் இல்லம்மா."

குணசீலன் மெதுவாக ஆரம்பித்தார்.

அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. தூத்துக்குடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பெயர் உப்புக்காத்து. கரைவலை இழுக்கிறவர்கள் மூச்சு பிடித்துப் பாடுகிற அம்பாப் பாட்டு, உப்பளத்துப் பெண்கள் பாடுகிற பாட்டு, இதையெல்லாம் எடுத்து, கிடாரும் டிரம்சும் போட்டு முரட்டுத்தனமாக வாசிப்பார்கள். டிரம்ஸ் ஒருத்தன். பாட்டும் கிடாரும் குணசீலன். பேஸ் கிடார் பெர்க்மான்ஸ். பேஸில் நாலே கம்பி, தடித்தடியாக இருக்கும். மேலே துள்ளாது. பாட்டுக்கு அடியில் ஓடும்.

பெர்க்மான்ஸ் அதை எருமை என்பான்.

"உன் கிடாரு ஆடுலே. துள்ளும், கத்தும், எல்லாரும் பாப்பாவ. என் எருமை நடக்கும். நடந்தா போதும், ஊரே வழி விடும்."

வேனில் போகும்போது மடியில் வைத்துக்கொள்வான், சீட்டில் வைக்க மாட்டான். ஒரு ஊரில் மைக் ஷாக் அடித்து குணசீலனின் உதடு வீங்கிவிட்டது. அன்று பெர்க்மான்ஸ்தான் முன்னால் நின்று பாடினான். கர்ண கடூரமாகப் பாடினான். ஜனம் கல்லெடுக்கிற நேரத்தில், "இப்பமே இவ்வளவு கோவமா? இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்குவே" என்றான். சிரித்துவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது குணசீலனும் சிரித்தார். பிறகு கையிலிருந்த புளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லாசர்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே, அது யாரு?" என்றார் குருவம்மா.

"எங்களுக்கு அவருதாம்மா சாமி. கப்பல்ல நாடு நாடா போயி கிடார் வாசிச்சவரு. மெட்ராசுல பெரிய குழு வச்சிருந்தாரு. அவரு மாதிரி முடி வளத்து, எங்க அப்பாகிட்ட செருப்படி வாங்கியிருக்கேன். அந்த வருஷம் அவரு குழுவுக்கு ஒரு ஆளு தேவைப்பட்டுச்சு. எங்க கச்சேரியக் கேக்க வந்தாரு. எடுக்கப் போறது ஒரே ஒரு ஆளு."

"சரி."

"அன்னைக்குப் பாத்து பெர்க்மான்சுக்குச் சுருதி சேரலம்மா. உப்புக்காத்துல கம்பி இளகிப்போச்சு. அவன் கவனிக்கல. குழு மானம் போயிரும்னு, சத்தத்தை ஏத்தி இறக்குத ஆளு இருப்பாருல்ல, மிக்சர்காரரு, அவருகிட்ட போயி பெர்க்மான்ஸ் லைனை மட்டும் இறக்கிரச் சொன்னேன்."

"அவருக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. மேடையில அவன் முதுகுக்குப் பின்னால அவனுக்குன்னு ஒரு பெட்டி உண்டு. அதுல அவன் சத்தம் அவனுக்குக் கேக்கும். ஜனத்துக்குப் போறது கீழ நிக்கிற பெரிய பெட்டி. அதுல அவன் வரல. டேப்பு அந்த மிக்சர்லயிருந்து பிடிச்சது. அதுலயும் வரல."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

மாடு தலையை ஆட்டியது. கழுத்துமணி ஒருதரம் அடித்து ஓய்ந்தது.

குணசீலன் பையிலிருந்து சார்ஜில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து வைத்தார். பழைய டேப்பைக் கடையில் கொடுத்து ஃபோனில் ஏற்றியிருந்தார். முதலில் அதைப் போட்டார். இளவயது குணசீலனின் குரல் வந்தது. கிடார் கத்தியது. டிரம்ஸ் அடித்தது. அடியில் ஒன்றும் இல்லை. கால் இல்லாத கட்டில் மாதிரி அந்தப் பாட்டு அந்தரத்தில் கிடந்தது.

பிறகு இரண்டாவதைப் போட்டார். அதே பாட்டுதான். ஆனால் இதில் அடியில் ஒன்று நடந்தது. கனமாக, நிதானமாக, குளம்பு ஊன்றி நடந்தது. பாட்டே வேறு பாட்டாகிவிட்டது.

குருவம்மாவின் கை நின்றது.

"இதுல வருதே, அது யாரு?"

"நான்தாம்மா. பேஸ் கிடார் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, மூணு வாரம் உக்காந்து பழகி, பழைய டேப்பு மேல வாசிச்சுச் சேத்துட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பொண்ணு இதைக் கேட்டா சந்தோஷமா அழுவா. அனுப்பலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

குருவம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "அந்த எருமைய எடுங்க பாப்போம்" என்றார்.

"வாசிச்சுக் காட்டத்தான்மா கொண்டாந்தேன். ஆனா கரண்டு இல்லியே. கரண்டு இல்லாம இதுல சத்தம் வராது."

"அன்னைக்கு அவரு சத்தம் மட்டும் வெளிய வந்துச்சா?"

குணசீலன் உறையைக் கழற்றி பேஸ் கிடாரை மடியில் வைத்துக்கொண்டார்.

"முழுக் கச்சேரியும் வாசிங்க" என்று சொல்லிவிட்டு குருவம்மா மறுபடியும் புளிக்குத் திரும்பினார்.

அவர் வாசித்தார். தடித்த கம்பி அதிர்வது மடிக்குத் தெரிந்தது. காதுக்குக் கம்பளிப்பூச்சி ஊர்கிற அளவுகூட வரவில்லை. ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்படியில் யாரோ பெருங்காய டப்பா எங்கே என்று கேட்டார்கள். யாரோ பதில் சொன்னார்கள். குணசீலன் இரண்டாவது பாட்டு, மூன்றாவது பாட்டு என்று போய்க்கொண்டிருந்தார். வெயில் அவர் முழங்கால்வரை வந்துவிட்டது.

ஐந்தாவது பாட்டில் அவருக்கு பெர்க்மான்சின் முகம் ஞாபகம் வந்தது. அந்தப் பாட்டில்தான் ஜனம் எழுந்து ஆடியது. பெர்க்மான்ஸ் இவர் பக்கம் திரும்பி, பல்லெல்லாம் தெரிய, புருவத்தை ஒருதரம் தூக்கிக் காட்டினான். பாத்தியாலே, என் எருமைக்கு ஆடுதானுவ, என்று அதற்கு அர்த்தம்.

அன்று இவரும் பதிலுக்குப் புருவத்தைத் தூக்கினார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் குணசீலன் கம்பி மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். அடங்குவதற்கு அதில் சத்தம் எதுவும் இல்லை. பழக்கத்தில் அமுக்கினார்.

"எல்லாம் அவரு வாசிச்சதுதானா?" என்றார் குருவம்மா.

"அப்படியேம்மா. ஒரு தட்டு விடல. முப்பத்தெட்டு வருஷமா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு."

"அவருக்குத்தான் அன்னைக்குச் சுருதி சேரலைன்னீங்க. அதையும் அப்படியே வாசிச்சீங்களா?"

குணசீலன் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

குருவம்மா அவரைப் பார்க்கவில்லை. ஒரு புளியை விரித்து, நாரை உரித்து, கொட்டையை நெம்பி எடுத்தார். டப்பாவில் போட்டார். இன்னொன்றை எடுத்தார். அதையும் போட்டார். பத்துப் பதினைந்து கொட்டைகள் விழுந்தன.

"கம்பி இளகல" என்றார் குணசீலன்.

"ம்."

"கச்சேரிக்கு முன்னால, சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாத்தையும் வாசிச்சு சரிபாப்போம். லாசர் அண்ணன் அப்பமே வந்துட்டாரு. மைதானத்துல யாருமில்ல, அவரு ஒருத்தருதான் நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. நான் பாடுனேன். எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டுனேன். அவரு என்னைப் பாக்கவே இல்லம்மா. கண்ணை மூடிக்கிட்டு தலைய ஆட்டிக்கிட்டிருந்தாரு. என் கிடாருக்கு ஆட்டல. நான் நிறுத்திப் பாத்தேன். அப்பவும் ஆட்டுனாரு. பெர்க்மான்ஸ் மட்டும் வாசிச்சுக்கிட்டிருந்தான்."

"ஒரே ஒரு ஆளுதான்."

"ஒரே ஒரு ஆளுதாம்மா."

குணசீலனின் கை கிடாரின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"மிக்சர்காரரு சம்மதிக்கல. பாவம்வே, தெரிஞ்சா என்ன நினைப்பான்னு கேட்டாரு. தெரியாது அண்ணே, அவன் பெட்டி அவன் முதுகுல இருக்குன்னு நான்தான் சொன்னேன். கச்சேரி முடிஞ்சு லாசர் அண்ணன் என்கிட்ட வந்தாரு. சாயங்காலம் அந்தப் பையன் அவ்வளவு நல்லா வாசிச்சானே, மேடையில ஏன்பா சத்தத்தையே காணோம்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"பயந்துட்டாம்ணே, கை ஓடலன்னேன்."

அடுப்படியில் தாளிக்கிற சத்தம் வந்தது.

"ரெண்டே வாரத்துல நான் மெட்ராசுக்கு ரயில் ஏறிட்டேன். வழியனுப்ப வந்தான். சோறு கட்டிக் கொண்டாந்தான், அவன் அம்மை பொரிச்ச சாளை மீனோட. 'போலே, போயி வாசி. லாசர் காதுல நம்ம ரெண்டு பேருமே விழுந்தோம்ல, அது போதும்ல எனக்கு'ன்னான். அதுக்குப் பெறவு உப்பளத்துல எடை போடுற வேலைக்குப் போயிட்டான்."

"லாசருகிட்ட பிறகாவது சொன்னீங்களா?"

"பதினோரு வருஷம் கூடவே வாசிச்சேன். ஒருநாள் ரயில்ல வரும்போது, ஏதோ ஆத்துப்பாலம் வந்துச்சு, தடதடன்னு கீழயிருந்து சத்தம். லாசர் அண்ணன் அதைக் கேட்டுக்கிட்டே இருந்தவரு, 'அந்தத் தூத்துக்குடிப் பையன் பயம் தெளிஞ்சானாடா'ன்னாரு. அவருக்கு மறக்கலம்மா. ஒரு சாயங்காலம் கேட்டதை மறக்கல."

"சொல்லலையா?"

"தெரியலண்ணேன்னேன். பாலம் முடிஞ்சுபோச்சு."

வெயில் சாக்கு மேல் ஏறியது. குருவம்மா சாக்கை ஒரு ஓரம் பிடித்து நிழலுக்கு இழுத்தார். குணசீலன் மறுஓரத்தைப் பிடித்துக்கொடுத்தார்.

"நான் எந்த மேடையில நின்னாலும் வலது பக்கம் திரும்பிப் பாப்பேம்மா. வேற எவனாவது நிப்பான். நல்லாத்தான் வாசிப்பான். ஆனா நடக்காது."

"அவரு சாகுறதுக்கு முன்னால பாத்தீங்களா?"

"ஆஸ்பத்திரியில இருக்கான்னு சொன்னாவ. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அங்கேயே காப்பி குடிச்சிட்டுத் திரும்பிட்டேன்."

ஆறு வருஷத்தில் குருவம்மாவின் முகம் அப்படி வாடி குணசீலன் பார்த்ததில்லை.

குணசீலன் கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பழசை அனுப்பினா, அவ அப்பா அதுல இல்ல. புதுசை அனுப்பினா, அது நான். ரெண்டையும் அனுப்பலைன்னா, சனிக்கிழமை அத்தனை பேரும் வந்து காத்துக்கிட்டிருப்பாவ. நான் எதைம்மா அனுப்ப?"

"அன்னைக்கு அவரு வாசிச்சதை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலையேம்மா. அதைத்தான சொல்லுதேன்."

"யாருமேவா?"

"ஜனம் கேக்கல. லாசர் அண்ணன் கேக்கல. மிக்சர்காரருக்கும் பெரிய பெட்டிச் சத்தம்தான்."

"நீங்க எங்க நின்னீங்க?"

"நான் அவனுக்கு மூணடி தள்ளி நின்னேன்."

"அவரு பெட்டி?"

"என் காதுக்கு நேரா." குணசீலனின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "எனக்குக் கேட்டுச்சும்மா. எல்லாம் கேட்டுச்சு. முதல் பாட்டுலயிருந்து கடைசி வரைக்கும். அன்னைக்கு மாதிரி அவன் அதுக்கு முன்னாலயும் வாசிச்சதில்ல."

குருவம்மா எழுந்து கொட்டை டப்பாவை மூடினார். குணசீலனின் செருப்புகள் வெயிலில் கிடந்தன. அவற்றை எடுத்து வந்து அவர் காலடியில் ஜோடியாக வைத்தார்.

"கேட்டவரு ஒருத்தரு இருக்காருல்ல ஐயா. அவரை அனுப்புங்க."